காத்திருப்பவர்மேல் பழி போடாதீர்கள்

இணையதளம் திறக்க நேரமாகிறது என்று வாய் திறந்தால் போதும், "இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பொறுமையே கிடையாது" என்ற பதில் வந்து விழுகிறது. தளம் வடிவமைப்பவர்கள் சொல்கிறார்கள். அரசு அலுவலகங்களில் சொல்கிறார்கள். தாமதத்தில் அரைநாள் சம்பளத்தை இழந்தவர்களே "எனக்குத்தான் பொறுமை பத்தல" என்று தங்களை நொந்துகொள்கிறார்கள். இந்தக் கருத்து தவறு. தவறான இடத்தில் குற்றவாளியைத் தேடுவதால் தீங்கும்கூட.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு ரயில் டிக்கெட்டுக்கு விடியும் முன்பே ஸ்டேஷனுக்குப் போய் வரிசையில் நின்றோம். வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டுவிட்டு நாள்கணக்கில் நடந்தோம். இன்று அதே வேலை உட்கார்ந்த இடத்தில் முடிகிறது. அதில் அரை நிமிடம் பக்கம் சுற்றினால் எரிச்சல் ஏன்? வசதி கூடக்கூடப் பொறுமை குறைகிறது என்பதற்கு ஆராய்ச்சிச் சான்றும் உண்டு: திறக்க 3 நொடிக்கு மேல் ஆனால் செல்பேசி வழி வருகைகளில் 53 சதவீதம் கைவிடப்படுகின்றன என்று கூகுள் 2016இல் சொன்னது. மேலும், தாமதம் பெரும்பாலும் நெட்வொர்க்கால் வருவது. தளத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கோடிக்கணக்கானவர்கள் இதே தளங்களைத்தான் தினமும் பயன்படுத்துகிறார்கள், பிடிக்காவிட்டால் வருவார்களா? உச்ச நேரக் கூட்டத்தை எந்த சர்வரும் தாங்காது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நல்ல நிரலாளர்களும் நேர்மையான அதிகாரிகளும் இதை நம்புகிறார்கள். ஆனாலும் இதில் ஒரு வாதமும் நிற்காது.

1. பொறுமையில்லாத ஜனங்கள் எங்கே இருக்கிறார்கள்? மாங்காட்டுக்கு வந்து காட்டுங்கள். காமாட்சியம்மன் கோயிலுக்கு எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் விடாமல் வந்து வேண்டுதலை முடிக்கிறவர்களைப் பார்க்கும் ஊர் இது. ஐந்து தீக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்று அம்மன் தவம் செய்த தலம் என்பது ஐதீகம். விசேஷ நாளில் எவ்வளவு நேரமானாலும் வரிசையை விட்டு யாரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை. குமணன்சாவடி வழியாக வேலைக்குப் போகிறவர்கள் மெட்ரோ கட்டுமானத்தை ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்டார்கள். இதே ஆட்கள்தான், செல்பேசியில் ஒரு பக்கம் 20 நொடி சுற்றினால் கொதிக்கிறார்கள். பொறுமை என்பது மனிதருக்குள் இருக்கும் ஒரு கையிருப்பு, அது தீர்ந்துவிட்டது என்றால், கோயில் வாசலில் மட்டும் அது எங்கிருந்து வந்தது?

விடை எளிது. கோயில் வரிசையில் முன்னால் எத்தனை பேர் என்று கண்ணுக்குத் தெரிகிறது. வரிசை நகர்கிறது. நமக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போனால் கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். நின்றால் தரிசனம் உறுதி. டேவிட் மைஸ்டர் 1985இல் வரிசைகளின் உளவியலைப் பற்றி எழுதிய கட்டுரை இதைத்தான் பிரித்துக் காட்டியது: எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பும், காரணம் சொல்லப்படாத காத்திருப்பும், பதற்றத்தோடு இருக்கும் காத்திருப்பும், நியாயமற்ற காத்திருப்பும் உண்மையில் ஆன நேரத்தைவிட நீளமாகத் தெரியும். சுற்றும் வட்டத்தை வைத்துப் பாருங்கள், நான்கும் அதில் இருக்கின்றன. எவ்வளவு நேரம் என்று சொல்லாது. ஏன் என்று சொல்லாது. நம் வேண்டுகோள் போய்ச் சேர்ந்ததா என்றும் சொல்லாது.

அதிலும் பணம் கட்டும் பக்கம் நின்றுபோகும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். மறுபடி அழுத்தினால் இரண்டு முறை பணம் போய்விடுமோ? அழுத்தாமல் விட்டால் கெடு முடிந்துவிடுமோ? பின்னால் போனால் நிரப்பியதெல்லாம் அழிந்துவிடுமோ? வங்கியிலிருந்து பணம் பிடித்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது, ரசீது வரவில்லை. மாதக் கடைசியில் கணக்கில் இருப்பதே அந்தத் தொகைதான் என்றால்? அந்த 20 நொடியில் ஒருவர் படும் பாட்டுக்குப் பொறுமையின்மை என்று பெயர் வைப்பது அநியாயம். அவர் பயப்படுகிறார். பயப்படக் காரணமும் இருக்கிறது.

2. ஆராய்ச்சி உங்கள் பக்கம் என்று யார் சொன்னது? இணையப் பொறுமையைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று, சண்முக கிருஷ்ணனும் ரமேஷ் சீதாராமனும் 2012இல் வெளியிட்டது. சீதாராமன் சென்னை ஐஐடியில் படித்தவர். ஆகாமை நிறுவனத்தின் வலையமைப்பில் நிகழ்ந்த 2.3 கோடி வீடியோ பார்வைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். வீடியோ தொடங்க 2 நொடிக்கு மேல் ஆனால் பார்வையாளர்கள் விலகத் தொடங்குகிறார்கள், அதன்பின் ஒவ்வொரு நொடிக்கும் விலகுவோர் விகிதம் 5.8 சதவீதம் கூடுகிறது என்ற முடிவு உலகம் முழுக்கப் பரவியது. பரவாமல் போன முடிவுகள் அதே ஆய்வில் இருக்கின்றன. ஃபைபர் இணைப்பு வைத்திருந்தவர்கள் சீக்கிரம் விலகினார்கள். மொபைல் இணைப்பில் பார்த்தவர்கள் அதிக நேரம் காத்திருந்தார்கள். குறும் வீடியோவுக்குக் காத்திராதவர்கள் நீண்ட படத்துக்குக் காத்திருந்தார்கள்.

ஆக, மனிதர்கள் கணக்குப் போட்டுத்தான் காத்திருக்கிறார்கள். கையில் இருக்கும் இணைப்புக்கு எவ்வளவு நேரம் நியாயம், கிடைக்கப்போகும் பொருளுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம் என்று எடைபோடுகிறார்கள். மெதுவான இணைப்பில் இருப்பவர், அதாவது ஏழை, அதிகம் பொறுத்துக்கொள்கிறார். "ஜனங்களுக்குப் பொறுமையில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள், எல்லோரையும்விட அதிகம் காத்திருக்கும் அந்த மனிதரைத்தான் திட்டுகிறார்கள்.

யூடியூபில் நடந்ததையும் கேளுங்கள். அங்கே பொறியாளராக இருந்த கிறிஸ் ஜக்காரியாஸ் 2012இல் எழுதியது இது. வீடியோ பக்கத்தின் எடையை 100 கிலோபைட்டுக்குள் சுருக்கி, ஒரு பகுதிப் பயனர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். சராசரித் திறப்பு நேரம் குறையும் என்று எதிர்பார்த்தால், கூடிவிட்டது. காரணம் தேடியபோது, தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, சைபீரியா போன்ற இடங்களிலிருந்து புதிதாக ஆட்கள் வரத் தொடங்கியிருந்தது தெரிந்தது. பழைய பக்கம் அவர்களுக்குத் திறக்க 20 நிமிடம் ஆகியிருக்கும். புதியது 2 நிமிடத்தில் திறந்தது. அந்த 2 நிமிடமும் காத்திருந்து பார்த்தார்கள். அதற்கு முன்பு அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. பொறுமையில்லாதவர்கள் என்று நாம் எழுதி ஒதுக்கிய பட்டியலில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்களோ.

"இந்தத் தலைமுறை" என்ற வாதத்துக்கு அதிக இடம் தேவையில்லை. ராபர்ட் மில்லர் 1968இல், அறை நிறையக் கணினி இருந்த காலத்தில், பதில் 2 நொடிக்கு மேல் தாமதித்தால் செய்யும் வேலையின் இழை அறுந்துபோகும் என்று எழுதினார். ஜேக்கப் நீல்சன் 1993இல் வகுத்த எல்லைகள் மூன்று: 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனடி என்று தோன்றும்; 1 நொடி வரை சிந்தனை ஓட்டம் கலையாது; 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்பே எழுதப்பட்டவை இவை. மனித மூளை எவ்வளவு நேரம் ஒரு காரியத்தை நினைவில் பிடித்து வைத்திருக்கும் என்பதைச் சொல்பவை. தாத்தாவுக்கும் பேரனுக்கும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. தங்கமீனைவிட மனிதனின் கவனம் குறைந்துவிட்டது, 8 நொடிதான் என்று 2015இல் பரவிய செய்தியோ, மூல ஆதாரத்தைத் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பிய கதை.

3. நெட்வொர்க்தான் காரணம் என்றால், நெட்வொர்க் மேம்பட்டபின் தாமதம் ஒழிந்திருக்க வேண்டாமா? 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2022 அக்டோபரில் 5ஜி வந்தது. டேட்டா மலிந்தது, வேகம் பல மடங்கு கூடியது. பக்கங்களும் கூடவே பருத்தன. 2010 வாக்கில் ஒரு நடுத்தர வலைப்பக்கத்தின் எடை 500 கிலோபைட்டுக்கும் கீழே இருந்தது; இப்போது 2 மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. அந்தக் கூடுதல் எடையில் நமக்கு வேண்டியது எவ்வளவு? தலைவர்களின் பெரிய படங்கள், தானாக நகரும் அறிவிப்புகள், நம்மைப் பின்தொடரும் நிரல்கள், யாரும் பார்க்காத ஸ்லைடுகள். மின்கட்டணம் கட்ட வருகிறவருக்குத் தேவை ஒரு எண், ஒரு தொகை, ஒரு பொத்தான்.

செல்பேசியின் விலையையும் இங்கே பேச வேண்டும். தளம் கட்டுபவர்கள் கண்ணாடிக் கட்டடத்தில், விலை உயர்ந்த கணினியில், ஃபைபர் இணைப்பில் சோதிக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட் முடித்துவிட்டு பஸ்ஸில் நின்றபடி அதைத் திறக்கிறவர் கையில் இருப்பது சில ஆண்டுகள் ஓடிய மலிவு போன். தரவு வந்து சேர்ந்தபிறகும் நிரலை ஓட்டி முடிக்க அந்த போனுக்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும். டவரில் ஒரு குறையும் இல்லாதபோதே திரை உறைந்து நிற்பது இதனால்தான். "நெட் ஸ்லோ" என்று அவர் நினைத்துக்கொள்கிறார்; அப்படி நினைத்துக்கொள்வது கட்டியவர்களுக்கு வசதியாக இருக்கிறது. கூகுளின் அளவுகோல்கூடப் பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிநொடிக்குள் அசைவு தெரிய வேண்டும், படித்துக்கொண்டிருக்கும்போது எழுத்தும் பொத்தானும் இடம் மாறக்கூடாது என்கிறது. இதில் எதுவும் அலைக்கற்றையை மட்டும் நம்பியில்லை. கட்டும் விதத்தில் இருக்கிறது.

4. திரும்பி வருகிறார்கள் என்பதாலேயே திருப்தியாக இருக்கிறார்கள் என்று ஆகுமா? இந்த விவாதத்தின் உயிர்நிலை இது என்று நினைக்கிறேன்.

துணிக்கடையின் தளம் சுற்றிக்கொண்டே இருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். அதனால் வணிகத் தளங்கள் "எத்தனை பேர் விலகினார்கள்" என்று எண்ணுகின்றன. அந்த எண் கூடினால் பயந்து சரிசெய்கின்றன. பட்டா பார்க்க, வில்லங்கச் சான்று எடுக்க, சாதிச் சான்றுக்கு விண்ணப்பிக்க, சொத்துவரி கட்ட இன்னொரு கடை உண்டா? பத்திரப்பதிவுத் துறையின் தளம் 2018 பிப்ரவரியில் புதிய வடிவில் வந்தபிறகு, பதிவுக்கு நேரம் குறிப்பது தொடங்கி எல்லாம் அதன் வழிதான். மாங்காடு 2021இல் நகராட்சியானது. சுற்றிலும் மனைகள் விற்கின்றன, வீடுகள் எழும்புகின்றன. வாங்குகிறவருக்கு அந்தத் தளத்தை விட்டால் வேறு வாசல் இல்லை. எத்தனை முறை விழுந்தாலும் திரும்ப வருவார், ஏனென்றால் வந்துதான் ஆக வேண்டும். அவருடைய ஒவ்வொரு வருகையும் "பயன்பாடு" என்று எண்ணப்படும். நான்கு முறை தோற்று ஐந்தாவது முறை ஜெயித்தவர் அறிக்கையில் ஐந்து வருகையாகவும் ஒரு வெற்றியாகவும் பதிவாவார். தோல்விக்கென்று ஒரு கட்டம் அறிக்கையில் இருக்காது. வேறு போக்கிடம் இல்லாதவரின் பொறுமையைத் திருப்தி என்று எண்ணுவது கணக்குத் தவறு.

அந்தத் தோல்வியின் செலவு எங்கே போகிறது? அலுவலகத்தில் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது இ-சேவை மையத்தின் வாசலிலும், பிரவுசிங் சென்டரிலும், நள்ளிரவு வீட்டுத் திண்ணையிலும் பலராகப் பிரிந்து காத்திருக்கிறார்கள். யார் கண்ணிலும் படுவதில்லை. "சர்வர் டவுன், சாயங்காலம் வாங்க" என்று சொல்லும் மையத்துக்காரரும் இதில் பாவம்தான். அவர்மேல் கோபப்படுகிறார்கள், அவர் கையில் ஒன்றுமில்லை. வந்தவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார், நாளைக்கும் விட வேண்டும். இரண்டு முறை அப்படி அலைந்தவர் மூன்றாவது முறை ஒரு புரோக்கரைத் தேடுவார். "நானே நைட் ரெண்டு மணிக்கு உட்கார்ந்து முடிச்சுத் தரேன்" என்பார் புரோக்கர், அதற்கு ஒரு தொகை வாங்கிக்கொள்வார். இடைத்தரகரை ஒழிக்கத்தான் இணையவழிச் சேவை என்று சொல்லப்பட்டது. மெதுவான தளம் அவரைப் பின்வாசல் வழியாக உள்ளே அழைத்து வருகிறது.

5. உச்ச நேரக் கூட்டம் எதிர்பாராமல் வருகிறதா? காலை 10 மணிக்கு ஏசி வகுப்புக்கும் 11 மணிக்கு மற்ற வகுப்புக்கும் தட்கல் திறக்கும் என்று நேரம் வைத்தது ரயில்வே. தேர்வு முடிவு வரும் நிமிடத்தை அறிவிப்பது அரசு. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி குறிப்பது தேர்வாணையம். கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டு, கூட்டம் வந்ததும் திகைப்பது பொறுப்பான பதில் ஆகாது. "கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்" என்று அறிவிப்பில் ஒரு வரி சேர்க்கிறார்கள். கடைசி நாளும் அவர்கள் கொடுத்த நாள்தானே? அன்று மாலை வரை விண்ணப்பிக்க ஒருவருக்கு உரிமை இருக்கிறது.

செய்ய முடியாத காரியமும் இல்லை. 2014 ஏப்ரலில் ஐஆர்சிடிசி புதிய அமைப்புக்கு மாறியபோது, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்ற திறன் 7,200 ஆனது. அதற்கு முன்பும் பின்பும் அதே பயணிகள்தான், மாறியது எந்திரம். தேர்வு முடிவுகளைப் பதிவு செய்த செல்பேசிக்கே குறுஞ்செய்தியாக அனுப்பத் தொடங்கியதும், முடிவுத் தளத்தை முட்டி மோத வேண்டிய தேவை பலருக்குக் குறைந்தது. முகூர்த்த நாளில் கூட்டம் வரும் என்று தெரிந்து, வழக்கமாக 100 டோக்கன் தரும் சார்பதிவாளர் அலுவலகங்களுக்குப் பதிவுத்துறை 150 ஒதுக்குகிறது. அலுவலகத்தின் வாசலுக்கு இப்படி முன்கூட்டி யோசிக்கத் தெரிந்த அரசுக்கு, இணையத்தின் வாசலுக்கு யோசிக்கத் தெரியாதா?

தட்கலில் இன்னொரு பாடமும் இருக்கிறது. முன்பதிவு திறந்த முதல் 5 நிமிடங்களில் உள்நுழைவு முயற்சிகளில் பாதி வரை தானியங்கி நிரல்களுடையவை என்று ரயில்வே அமைச்சகமே 2025 ஜூனில் சொன்னது. 2.5 கோடி பயனர் கணக்குகளை முடக்கினார்கள். ஜூலை முதல் ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி, முதல் அரை மணி நேரத்துக்கு ஏஜென்டுகளைத் தடுத்தார்கள். அப்படியென்றால் அதுவரை, 10 மணிக்கு விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பக்கம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் "வெயிட்டிங் லிஸ்ட்" பார்த்துக் கத்தியவர் கத்தியது சரிதானே? அவர் நின்ற வரிசையில் பாதிப் பேர் வரை மனிதர்களே இல்லை. அத்தனை ஆண்டும் அவருக்கு நாம் சொன்ன புத்திமதி, பொறுமையாக இருங்கள் என்பது.

கொரோனா தடுப்பூசிக்குப் பதிவதற்கான கோவின் தளத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பதிவு திறந்தது, திறந்தவுடனே திணறியது. அன்று 1.3 கோடிப் பேருக்குமேல் பதிந்தார்கள் என்பது பெருமையாகச் சொல்லப்பட்டது. அந்த வேலை சிறியதல்ல, மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் அலையின் உச்சத்தில் ஓடிபி வராமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் பதற்றத்தை அந்த 1.3 கோடி என்ற எண் ஆற்றாது.

6. காத்திருப்பை அழகாக்கிவிட்டால் போதுமா? வடிவமைப்பாளர்களில் சிலர் இப்படி ஒரு சமரசம் சொல்கிறார்கள்: நொடியைக் குறைப்பது கடினம், அதனால் நகரும் பட்டையும் சிரிக்கும் பொம்மையும் வைத்து நேரம் குறைவாகத் தோன்றச் செய்யலாம். பாதி சரி. எவ்வளவு முடிந்தது என்று உண்மையாகக் காட்டும் பட்டை நிம்மதி தரும் என்பது 1985இலேயே பிராட் மயர்ஸ் ஆராய்ந்து சொன்னது. உண்மையாக என்ற சொல்தான் முக்கியம். உள்ளே எதுவும் நகராதபோது வெளியே நகரும் பட்டை பொய் சொல்கிறது. 99 சதவீதத்தில் நின்று, பிறகு "மீண்டும் முயலவும்" என்று சொன்னால், அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்பப்போவதில்லை.

ஆகவே பொறுமை போதனையை நிறுத்திவிட்டுச் சில காரியங்களைச் செய்யச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பொதுச் சேவைத் தளமும், மலிவு போனில், சாதாரண மொபைல் இணைப்பில் தன் பக்கம் திறக்க எத்தனை நொடி ஆகிறது, தொடங்கிய விண்ணப்பங்களில் எத்தனை முடியாமல் நின்றன என்று மாதாமாதம் வெளியிட வேண்டும். நிரப்பியது அழியக்கூடாது, இணைப்பு அறுந்தாலும், படத்தில் உள்ள எழுத்தைத் தப்பாக அடித்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். பணம் பிடித்துவிட்டால் என்ன நிலை என்று அந்த நிமிடமே குறுஞ்செய்தி வர வேண்டும். தளம் விழுந்த நாள் கடைசி நாளாக இருந்தால், கெடு தானாகவே நீள வேண்டும். அதற்காக யாரும் மனுப் போட்டு மன்றாடும் நிலை இருக்கக்கூடாது.

படிக்கிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அரசுத் தளம் ஒன்று சுற்றிக்கொண்டே நின்றால், உங்களை நொந்துகொள்ளாதீர்கள். திரையைப் படமெடுத்து, தேதியும் நேரமும் குறித்து, 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் புகாராகப் பதியுங்கள். புகார் எண்ணை வாங்கி வையுங்கள். இ-சேவை மைய வாசலில் உங்களோடு நிற்பவரையும் பதியச் சொல்லுங்கள்.